நீர் பொது, கரை யாருடையது?
ஆறுகளில் துடுப்புப் படகு உலாவுக்கான பொது அணுகல்: ஒரு மதிப்பாய்வு

1. பொருளும் வரம்பும்

ஆறு எல்லோருக்கும் பொது என்னும் எண்ணம் மிகப் பழமையானது. ஆயினும் அந்தப் பொதுமையை ஒரு குடிமகன் நடைமுறையில் எப்படி அனுபவிப்பது, எந்த இடத்தில் நீரில் இறங்குவது, எதுவரை செல்வது, எங்கே கரையேறுவது என்ற கேள்விகளுக்கு நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம், வேறுபட்ட விடைகளே கிடைக்கின்றன. இயந்திரமின்றித் துடுப்பால் செலுத்தப்படும் சிறு படகுகளில் ஆற்றோடு செல்லும் பொழுதுபோக்கு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வளர்ந்ததையொட்டி இக்கேள்விகள் நீதிமன்றங்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் சென்றுள்ளன. அவற்றுள் மிகுதியான வழக்குகளும் மிகுதியான சோதனைகளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்திருப்பதால், இக்கட்டுரை அந்நாட்டின் அனுபவத்தை நடுவாக வைத்து, பிரிட்டனையும் வேறு சில நாடுகளையும் ஒப்பிட்டு, இந்தியச் சட்டத்துக்கு இவற்றோடுள்ள தொடர்பையும் இறுதியில் சுட்டுகிறது.

துடுப்புப் படகு என்பதில் மூன்று வகைகள் முதன்மையானவை. மேற்புறம் திறந்ததாகவும் ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தப்படுவதாகவும் இருப்பது கனூ. பெரும்பாலும் மேற்புறம் மூடியதாக, இருமுனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தப்படுவது கயாக். காற்றடைத்த ரப்பர் மிதவையில் பலர் சேர்ந்து செல்வது ராஃப்ட். இம்மூன்றுக்கும் எரிபொருளோ ஆழமான நீரோ பெரிய துறைமுகமோ தேவையில்லை. ஆனால் நீருக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தி, படகை இறக்கி, நீரில் தள்ளுவதற்குரிய ஓரிடமும், சில மைல்களுக்குக் கீழே கரையேறுவதற்குரிய இன்னோரிடமும் கட்டாயம் தேவை. முன்னதை இறங்குதுறை என்றும் பின்னதை ஏறுதுறை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

பொது அணுகல் என்ற சொல்லைப் பலர் சட்ட உரிமை என்ற ஒரே பொருளில் வழங்கினாலும், அதில் நான்கு கூறுகள் அடங்கியுள்ளன. நீரின்மேல் செல்ல உரிமை வேண்டும். கரையை அடைய வழி வேண்டும். படகு மிதக்கும் அளவுக்கு ஆற்றில் நீரோட்டம் வேண்டும். அந்த நீர் உயிருக்கும் உடல்நலத்துக்கும் தீங்கு செய்யாததாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன என்பதும், விவாதங்களில் முதல் கூறு பெறும் கவனத்தை இரண்டாவது கூறாகிய கரை பெறுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்து.

2. சட்டத்தின் வேர்கள்

ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையாகவே எல்லோருக்கும் உரியவை என்ற கொள்கையைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுத்த ரோமானியச் சட்டநூல் தெளிவாகப் பதிவுசெய்தது. ஆறுகளில் மீன்பிடிக்கும் உரிமை பொது என்றும், கரை நிலம் அருகிலுள்ள உடைமையாளருக்கே உரியதாயினும் படகை அங்கே கட்டவும் சரக்கை இறக்கவும் யாவருக்கும் உரிமை உண்டு என்றும் அது கூறியது. நிலத்தின் உடைமையும் அதன்மீதான பொதுப் பயன்பாடும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க முடியும் என்ற இந்தக் கருத்தே பிற்கால வழக்குகள் பலவற்றின் மூலம். இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, தேம்ஸ், மெட்வே உள்ளிட்ட ஆறுகளில் மீன்பிடிப்பதற்காகப் போடப்பட்டிருந்த தடுப்புகளை அகற்ற ஆணையிட்டது. கடலோரம் அதற்கு விலக்கு.

அமெரிக்காவில் இக்கொள்கை நாடு உருவான காலத்திலேயே சட்டத்தில் இடம்பெற்றது. வடமேற்கு நிலப்பகுதிக்கென 1787இல் இயற்றப்பட்ட ஆணை, மிசிசிப்பி, செயின்ட் லாரன்ஸ் ஆறுகளுக்குச் செல்லும் படகோடத்தக்க நீர்வழிகளையும் அவற்றுக்கிடையே படகைச் சுமந்து கடக்கும் தரைவழிகளையும் என்றென்றும் கட்டணமற்ற பொதுப் பெருவழிகள் என அறிவித்தது. அருவியோ மேட்டுநிலமோ குறுக்கிடும் இடத்தில் படகைத் தோளில் சுமந்து அடுத்த நீரை அடைவது அந்நிலத்தின் தொல்குடிகளும் மென்மயிர் வணிகர்களும் கைக்கொண்ட வழக்கம். நீர்வழி பொதுவென்றால் அதன் தொடர்ச்சியான தரைவழியும் பொதுவாகவே இருக்க வேண்டும் என்பதை இவ்வாணையை எழுதியவர்கள் ஐயமின்றி உணர்ந்திருந்தனர்.

பின்னர் நீதிமன்றங்கள் படகோடத்தக்க ஆறு எது என்ற வினாவில் நெடுங்காலம் உழன்றன. கடலின் ஏற்றவற்றம் எட்டும் பகுதி மட்டுமே பொது என்ற ஆங்கில மரபு, மிசிசிப்பி போன்ற பேராறுகள் ஓடும் கண்டத்துக்குப் பொருந்தவில்லை. எனவே, நடைமுறையில் படகோட முடிகிற ஆறே சட்டத்திலும் படகோடத்தக்க ஆறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘டேனியல் பால்’ என்ற நீராவிக் கப்பல் தொடர்பான வழக்கில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையறுத்தது. அத்தகைய ஆற்றின் படுகை மாநில அரசுக்கு உரியது. அந்த வரையறைக்குள் வராத சிற்றாறுகளின் படுகை பெரும்பாலும் கரை உடைமையாளருக்கு உரியது. துடுப்புப் படகுக்கு ஏற்ற அழகிய ஆறுகளுள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே சிக்கலின் தொடக்கம். மிச்சிகன் மாநில நீதிமன்றம் 1853இலேயே, வெட்டிய மரங்களை மிதக்கவிடப் போதுமான நீருள்ள ஓடைகளில் பொதுமக்களுக்கு வழியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மரம் மிதந்த ஆற்றில் கனூவும் மிதக்கலாம் என்ற வாதத்துக்கு அது இடம் தந்தது.

இவற்றோடு இணைந்து வளர்ந்த மற்றொரு கோட்பாடு பொது நம்பிக்கைப் பொறுப்பு என்பது. சில இயற்கை வளங்களை அரசு தன் சொந்தச் சொத்தாக விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கூடாது, மக்களின் சார்பில் காக்கும் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிகாகோ நகரையொட்டிய மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தைப் பெருமளவில் ஓர் இரயில்வே நிறுவனத்துக்கு 1869இல் வழங்கிய இல்லினாய் சட்டமன்றம், 1873இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது செல்லும் என 1892இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இக்கோட்பாட்டின் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. சட்டப் பேராசிரியர் ஜோசஃப் சாக்ஸ் 1970இல் வெளியிட்ட கட்டுரை இதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குரிய கருவியாக விரித்துக்காட்டியது.

3. ஒரே நாடு, பல விடைகள்

இப்பொதுக் கொள்கைகள் இருந்தும், துடுப்புப் படகுக்காரரின் உரிமை மாநில எல்லையைக் கடக்கும்போதே மாறிவிடுகிறது. மொன்டானா மாநிலம் இதில் மிகத் தெளிவான பாதையை வகுத்தது. டியர்போர்ன், பீவர்ஹெட் ஆகிய இரு ஆறுகள் தொடர்பாக 1984இல் வந்த தீர்ப்புகளில் அதன் உச்ச நீதிமன்றம், படுகை யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டன்று, பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு இடம் தரக்கூடிய நீர் எதுவாயினும் மக்கள் அதைப் பயன்படுத்தலாம் என்று கூறியது. அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட சட்டம் அந்த உரிமையின் எல்லையை வழக்கமான உயர்நீர்க் குறி என்று நிர்ணயித்தது. அதாவது, ஆண்டுதோறும் நீர் நிறைந்தோடும்போது மண்ணிலும் தாவரத்திலும் விட்டுச்செல்லும் தெளிவான கோடு வரை மக்கள் நடக்கலாம், நிற்கலாம், மீன்பிடிக்கலாம். வேலியோ தடுப்போ குறுக்கிட்டால், இயன்றவரை குறைந்த இடையூறோடு அதைச் சுற்றிப் படகைச் சுமந்து செல்லலாம். எனினும் தனியார் நிலத்தின் வழியாக ஆற்றை அடைய இச்சட்டம் உரிமை தரவில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது 2009இல் வந்த இன்னொரு சட்டம்; பொதுச் சாலை ஆற்றைக் கடக்கும் பாலங்களின் ஓரமாக மக்கள் நீரை அடையலாம் என்பதை அது உறுதிப்படுத்தியது.

கொலராடோவின் நிலை இதற்கு நேர் எதிரானது. கொலராடோ ஆற்றில் தனியார் பண்ணை வழியாக ராஃப்டில் சென்று, ஆழம் குறைந்த இடங்களில் படுகையைத் தொட்டவர்களுக்கு விதிக்கப்பட்ட அத்துமீறல் தண்டனையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் உறுதிசெய்தது. படுகையைத் தொடாமல் மிதந்து செல்வது குற்றமாகாது என்று 1983இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். ஆனால் சட்டம் தெளிவாக எழுதப்படாமையால், அங்கே துடுப்பிடுவோர் காலை எங்கே ஊன்றுவது என்ற அச்சத்துடனேயே இன்றும் செல்கின்றனர். யூட்டா மாநிலத்தில் 2008இல் நீதிமன்றம் படுகையைத் தொடும் உரிமையை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில் சட்டமன்றம் அதைச் சுருக்கியது. நியூ மெக்சிகோவில், தனியார் நிலத்தின் ஊடே ஓடும் ஆறுகளைப் பொது அணுகலுக்கு மூடிச் சான்றிதழ் வழங்க அனுமதித்த விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என 2022இல் அதன் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மீன்பிடிக்கவும் படகு செலுத்தவும் தேவையான அளவுக்குப் படுகையில் நடப்பதும் மக்களின் உரிமையில் அடங்கும் என்றது.

தீர்ப்பின் வழியே கிடைக்கும் உரிமை சட்டமன்றத்தின் ஒரு திருத்தத்தில் கரைந்துபோகலாம். சட்டத்தில் எல்லையோடு எழுதப்பட்ட உரிமையே நிலைத்து நிற்கிறது. மொன்டானாவின் சட்டம் நாற்பது ஆண்டுகளாக நிற்பதற்குக் காரணம், அது உரிமையை வழங்கிய அதே இடத்தில் அதன் வரம்பையும் வரைந்ததே ஆகும்.

4. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

ஒரே தீவைப் பகிர்ந்துகொள்ளும் இரு நாடுகள் இதே வினாவுக்கு அளித்த விடைகள் அமெரிக்க மாநிலங்களின் வேறுபாட்டையும் விஞ்சுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடலேற்றம் எட்டும் ஆற்றுப் பகுதிகளில் பொதுப் படகுரிமை உண்டு. அதற்கு மேற்பட்ட பகுதிகளில், தனிச்சட்டமோ நெடுங்கால வழக்கமோ இருந்தாலொழிய, கரை உடைமையாளரின் இசைவு தேவை என்பதே பரவலான சட்டக் கருத்து. நிலத்தில் இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்தால் பொதுப்பாதை உரிமை பிறக்கும் என்ற 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றில் படகு செலுத்துவதற்குப் பொருந்தாது என்று யார்க்‌ஷயரின் டெர்வெண்ட் ஆறு பற்றிய வழக்கில் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாகிய பிரபுக்கள் அவை 1991இல் முடிவுசெய்தது. மலை, தரிசு, பொதுநிலம் ஆகியவற்றில் சுற்றித்திரியும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியபோதும், கடலேற்றம் எட்டாத நீரில் படகு செலுத்துவதும் குளிப்பதும் அவ்வுரிமையில் சேராதென அதன் அட்டவணை வெளிப்படையாக விலக்கியது. இங்கிலாந்தின் ஆறுகளில் சுமார் 4 விழுக்காட்டில் மட்டுமே கேள்விக்கு இடமற்ற அணுகல் உள்ளதென அந்நாட்டுத் துடுப்புப் படகு விளையாட்டின் தேசிய அமைப்பு நெடுநாளாகக் கூறிவருகிறது.

ஸ்காட்லாந்து வேறு வழியைத் தேர்ந்தது. ஸ்பே ஆற்றில் முற்காலத்தில் மரங்களை மிதக்கவிட்ட நெடிய வழக்கமே பொதுப் படகுரிமைக்குச் சான்று என 1976இல் பிரபுக்கள் அவை ஒரு கனூப் பயிற்சிப் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், உள்நாட்டு நீர்நிலைகள் உட்பட ஏறத்தாழ எல்லா நிலத்திலும் இயந்திரமில்லாப் பொழுதுபோக்குக்கான உரிமையைப் பொறுப்புடன் நடத்தல் என்ற நிபந்தனையோடு வழங்கியது. பிறர் நலனை மதித்தல், சூழலைப் பேணுதல், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றல் என்ற மூன்று நெறிகளில் அமைந்த நடத்தைக் கையேடு சட்டத்தோடு சேர்ந்தே செயற்படுகிறது. நார்வே 1957இலேயே திறந்தவெளி வாழ்க்கைக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. சுவீடனில் யாவருக்குமான அணுகல் உரிமை அரசியலமைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. உரிமையைத் திறந்துவிட்டால் கிராமப்புறம் சீரழியும் என்ற அச்சம் இந்நாடுகளில் மெய்ப்படவில்லை. உரிமையும் நடத்தை நெறியும் ஒருங்கே கற்பிக்கப்பட்டதே அதற்குக் காரணம்.

5. கரை: மறக்கப்பட்ட கூறு

நீரின்மேல் உரிமை உள்ள ஆற்றிலும், வேலியும் மதிலும் தனியார் வாகன நிறுத்தமும் சூழ்ந்த கரை மக்களை வெளியே நிறுத்திவிட முடியும். உரிமை என்றால் அதை அடையும் வழியும் அதில் அடங்கும் என்ற கொள்கைக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே வலுவான முன்னுதாரணம் உள்ளது. கொலம்பியா ஆற்றில் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தக்கவைத்துக்கொண்ட யாக்கமா மக்களை, கரை நிலத்தை வாங்கியோர் வேலியிட்டுத் தடுத்தபோது, அந்நிலத்தைக் கடந்து ஆற்றை அடையும் உரிமையும் உடன்படிக்கையில் அடங்கியதே என 1905இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை உடன்படிக்கையால் அவர்களுக்கே சிறப்பாக உரியது. அதைப் பொதுமக்களின் உரிமையோடு ஒன்றாக்கிப் பார்த்தல் தகாது. ஆயினும் வழியற்ற உரிமை உரிமையாகாது என்ற அதன் தர்க்கம் எல்லா அணுகல் விவாதங்களுக்கும் ஒளி தருகிறது.

கரையைத் திறக்கப் பல முறைகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, முன்கூட்டியே ஒதுக்குதல். நியூசிலாந்தில் அரசு நிலம் விற்கப்படும்போது ஆற்றோரம் 20 மீட்டர் அகலமுள்ள பட்டையை அரசே வைத்துக்கொள்கிறது. நில அளவைச் சங்கிலியின் நீளமாகிய 66 அடியிலிருந்து வந்த இந்த அளவு ‘ராணியின் சங்கிலி’ என்று மக்களால் அழைக்கப்படுகிறது. இரண்டாவது, விலைக்கு வாங்குதல். கடலடி எண்ணெய், எரிவாயு உரிமத் தொகையிலிருந்து திறந்தவெளிகளை வாங்கவும் மேம்படுத்தவும் அமெரிக்கா 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கிய நிலம்-நீர்ப் பாதுகாப்பு நிதி, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 90 கோடி டாலர் முழுமையாகப் பெறுகிறது. மூன்றாவது, வழியுரிமைப் பத்திரம். உடைமையாளர் நிலத்தை விற்காமலே ஒரு குறுகிய பாதையைப் பொதுப் பயன்பாட்டுக்கு எழுதித்தருவது. நான்காவது, ஏற்கெனவே பொதுவான இடங்களைப் பயன்படுத்துதல். பாலம், நீரேற்று நிலையம், நகராட்சிப் பூங்கா, பழைய படகுத்துறை ஆகியவை ஆற்றைத் தொடும் இடங்கள் யாவும் இறங்குதுறையாகத் தகுந்தவை. பாலம் கட்டும்போதே இரண்டு வாகனங்கள் நிற்கவும் ஒரு சரிவுப் பாதைக்கும் இடம்விட்டால் ஆகும் செலவு மிகச் சிறிது. பின்னாளில் அதே வசதியைச் சேர்க்கும் செலவு பன்மடங்கு.

உடைமையாளரின் அச்சங்களையும் புறக்கணிக்கலாகாது. தம் நிலத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டு வழக்கு வருமோ என்பது அவற்றுள் முதன்மையானது. கட்டணமின்றிப் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உடைமையாளரின் சட்டப் பொறுப்பை வரம்புக்குட்படுத்தும் மாதிரிச் சட்டம் 1965இல் வகுக்கப்பட்டது. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அதன் ஏதேனும் ஒரு வடிவம் நடைமுறையில் உள்ளது.

இறங்குதுறையின் அமைப்பும் நுணுக்கமான பொருளே. இயந்திரப் படகுக்கான உயர்ந்த மேடையிலிருந்து கயாக்கில் இறங்குவது கடினமும் ஆபத்தும் ஆகும். நீர்மட்டத்துக்குச் சில அங்குலமே மேலிருக்கும் தாழ்ந்த மேடையோ, கெட்டித்த சரளைச் சரிவோ அதற்குப் பொருத்தமானது. சக்கர நாற்காலியில் வருவோருக்காகப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மிகாத பாதையும், இருக்கையிலிருந்து படகுக்கு நகர உதவும் படிநிலைப் பலகையும் கைப்பிடியும் இப்போது பல துறைகளில் அமைக்கப்படுகின்றன.

தனித்தனித் துறைகளை ஒரு தொடராக இணைக்கும் முயற்சியே நீர்த்தடம். நடைபாதையை நீரில் அமைத்ததுபோன்ற இத்திட்டத்தில், துறைகளுக்கிடையேயான தொலைவு, ஆபத்தான இடங்கள், முகாமிடங்கள், குடிநீர் ஆகியவை வரைபடத்திலும் கரைப் பலகைகளிலும் குறிக்கப்படுகின்றன. அமெரிக்க உள்துறை 2012இல் தேசிய நீர்த்தட அமைப்பைத் தொடங்கி, ஜார்ஜியா மாநிலத்தின் சாட்டஹூச்சி ஆற்றுத் தடத்தை முதலாவதாக அறிவித்தது.

6. ஓட்டம்: அணைகளும் உரிமங்களும்

அணை கட்டி நீரைக் குழாய்க்குள் திருப்பிய ஆற்றில் உரிமையும் துறையும் இருந்தும் பயனில்லை. அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளுக்குக் கூட்டாட்சி ஆணையம் 30 முதல் 50 ஆண்டுகளுக்கே உரிமம் வழங்குகிறது. அதற்குரிய சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் வழங்கும்போது மின்னுற்பத்திக்கு நிகராக மீன்வளம், வனவுயிர், பொழுதுபோக்கு ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று விதித்தது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் இப்புதுப்பித்தல் வேளையில் துடுப்புப் படகு அமைப்புகள் முன்வைத்த கோரிக்கைகளால், மாசச்சூசெட்ஸின் டியர்ஃபீல்ட் உள்ளிட்ட பல ஆறுகளில் முன்னறிவித்த நாட்களில் நீர் திறத்தல், அணையைச் சுற்றிப் படகைச் சுமக்கும் பாதை, இறங்குதுறை ஆகியவை உரிமத்தின் நிபந்தனைகளாயின.

டென்னசியின் ஒக்கோயீ ஆற்றின் வரலாறு இவ்வகையில் சிறந்த சான்று. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றுநீரை மின்நிலையத்துக்குக் கொண்டுசென்ற மரக்கால்வாய் 1976இல் பழுதுக்காக மூடப்பட்டபோது, வறண்டு கிடந்த படுகையில் நீர் மீண்டும் பாய்ந்தது. அங்கே ராஃப்ட் தொழில் வேர்கொண்டது. 1983இல் கால்வாய் சீரானதும் ஆறு மீண்டும் வற்றும் நிலை எழவே, இழக்கும் மின்சாரத்துக்கு ஈடாக 74 இலட்சம் டாலரை நாடாளுமன்றம் ஒதுக்கி, ஆண்டுக்கு 116 நாட்கள் வீதம் 35 ஆண்டுகளுக்கு நீர்திறப்பை உறுதிசெய்தது. அத்தொகை ராஃப்ட் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தால் திருப்பிச் செலுத்தப்பட வேண்டுமென ஏற்பாடாயிற்று. 1996ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் வெண்ணீர்ப் படகுப் போட்டிகள் இதே ஆற்றின் மேற்பகுதியில் நடைபெற்றன. மேற்கு வர்ஜீனியாவின் காலி ஆற்றிலோ, வெள்ளத்தடுப்புக்கான சம்மர்ஸ்வில் அணை இலையுதிர் காலத்தில் எப்படியும் திறந்துவிட வேண்டிய நீரே முன்னறிவித்த நாட்களில் திறக்கப்படுவதால், அந்த நாட்கள் ஒரு சிற்றூர்ப் பகுதியின் பொருளாதாரப் பருவமாக மாறியுள்ளன. நீரின் அளவைக் கூட்டாமல், திறக்கும் நேரத்தைத் திட்டமிட்டாலே பெரும்பயன் விளையும் என்பதை இது காட்டுகிறது.

7. தூய்மையும் பாதுகாப்பும்

ஓஹையோவின் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு 1969இல் தீப்பற்றியது அமெரிக்கப் பொதுக் கருத்தை உலுக்கியது. 1972இல் வந்த தூய நீர்ச் சட்டம், நீரிலும் நீரின்மேலும் பொழுதுபோக்குக்கு ஏற்ற தரத்தை 1983க்குள் எட்டுவதை இடைக்கால இலக்காகவே எழுதிக்கொண்டது. மக்கள் ஆற்றில் இறங்குவது அதன் தூய்மைக்கு அளவுகோலானதே இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. கழிவை ஏரியிலிருந்து விலக்க 1900இல் ஓட்டமே திருப்பப்பட்ட சிகாகோ ஆறு, நூறாண்டுக்கும் மேலாக நகரின் சாக்கடையாகக் கருதப்பட்டது. ஆனால் கயாக்கில் செல்வோர் பெருகியதும் நீர்த்தர விதிகள் கடுமையாக்கப்பட்டு, சுத்திகரிப்பு நிலையங்களில் கிருமிநீக்கம் சேர்க்கப்பட்டது. 2013 முதல் நகரப் பூங்காத் துறை ஆற்றோரம் படகு இல்லங்களையும் எழுப்பியது. தூய்மை வந்தபின் மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்கள் வந்ததே தூய்மைக்கான அழுத்தமாக மாறியது.

பாதுகாப்பில் மிகக் கவனம் வேண்டுவது தாழ்ந்த தடுப்பணைகளில். சில அடி உயரமே உள்ள இவற்றின்மேல் வழியும் நீர் கீழே விழுந்து சுழன்று, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கியவரை அது மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கிறது. காற்றுக் குமிழ்கள் நிறைந்த அந்நீரில் மிதவையுடையின் ஆற்றலும் குறைகிறது. மேலிருந்து வருபவரின் கண்ணுக்கு ஆறு தடையின்றித் தொடர்வதாகவே தோன்றும். ஆகவே இறங்குதுறை அமைப்போர் முதலில் செய்யவேண்டியது, அணைக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகையும் கரையேறும் இடமும் அமைப்பதே. பயனிழந்த அணைகளை முற்றாக அகற்றுதல் இன்னும் சிறந்தது; அமெரிக்காவின் மேற்கிலுள்ள கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024க்குள் அகற்றப்பட்டது, சால்மன் மீன்களுக்கும் தொல்குடி மக்களுக்கும் படகுக்காரர்களுக்கும் ஒருங்கே வழிதிறந்தது. ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை வகுக்கும் சர்வதேச அளவுகோலைத் துறைப் பலகைகளில் குறிப்பதும், மிதவையுடை அணிவதை வழக்கமாக்குவதும் எளிய ஆனால் உயிர்காக்கும் நடவடிக்கைகள்.

8. வரம்பில்லா அணுகலின் விலை

அணுகல் பெருகும்போது ஆறு தாங்கும் அளவைக் கடந்துவிடக் கூடும் என்ற கவலை நியாயமானது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வணிக நிறுவனத்தின் துணையின்றித் தாமாகவே படகில் செல்ல விரும்புவோரின் காத்திருப்புப் பட்டியல் பத்தாண்டுகளையும் தாண்டி நீண்டதால், 2006இல் அது கைவிடப்பட்டு, அண்மையில் செல்லாதோருக்கு முன்னுரிமை தரும் குலுக்கல் முறை வந்தது. மனிதக் கழிவு உட்பட எல்லாக் கழிவையும் உடன் எடுத்துவர வேண்டும் என்பது அங்கே கட்டாயம். மினசோட்டாவின் எல்லைநீர்க் கனூ வனப்பகுதியில் ஒரு குழுவுக்கு ஒன்பது பேர், நான்கு படகுகள் என்பது உச்சவரம்பு. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் படகோடு பயணிக்கும் வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்களைத் தடுக்க, படகைக் கழுவி, நீரை வடித்து, உலர்த்தும் பழக்கம் வலியுறுத்தப்படுகிறது. மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகைகளையும் பறவைகள் கூடுகட்டும் மணல்திட்டுகளையும் பருவகாலத்தில் விலக்கி வைப்பதும் தேவை. இவை யாவும் அணுகலை ஒழுங்குபடுத்தும் வழிகளே. அணுகலை மறுப்பதற்கான காரணங்களாக இவற்றைக் காட்டுவது பொருந்தாது.

9. இந்தியத் தொடர்பு

இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றோர நிலத்தை ஆக்கிரமித்து ஆற்றின் போக்கையே மாற்ற முயன்ற ஒரு தனியார் விடுதி தொடர்பான வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் பொது நம்பிக்கைப் பொறுப்புக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அத்தீர்ப்பு இல்லினாய் வழக்கையும் சாக்ஸின் கட்டுரையையும் விரிவாக எடுத்தாண்டது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் முறையான விதிகள் வகுக்கப்படும்வரை ராஃப்ட் பயணங்களை நிறுத்த ஆணையிட்டது, ஒழுங்குமுறையின்றி அணுகல் நிலைக்காது என்பதை உணர்த்தியது.

தமிழகத்தில் சட்டச் சூழல் மேற்கத்திய நாடுகள் சிலவற்றினும் சாதகமானது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருடையவை என நிறுவப்பட்டவை நீங்கலாக, ஆற்றுப் படுகைகளை அரசின் உடைமை என்றே கூறுகிறது. படித்துறை என்ற பொது அமைப்பும், பரிசல்துறை என்ற வழக்கமும் காவிரிக் கரையில் நெடுங்காலமாக உள்ளன. ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயரும்போது பரிசல் இயக்கத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்துவதும், பயணிகள் மிதவையுடை அணிய வேண்டுமென்பதும் ஒழுங்குபட்ட அணுகலின் உள்ளூர் வடிவங்களே. இங்கே தடையாக நிற்பவை புறம்போக்கு ஆக்கிரமிப்பு, கழிவுநீர், மணல் அள்ளியதால் விழுந்த எதிர்பாராப் பள்ளங்கள், எச்சரிக்கைப் பலகையற்ற தடுப்பணைகள் ஆகியவை. சட்டம் படுகையை அரசின் உடைமையாக வைத்திருந்தும், நிர்வாகம் அதைக் காக்கவில்லை.

10. முடிவு

மேற்கண்ட அனுபவங்களை ஒருசேர நோக்கினால் சில முடிவுகள் உறுதிப்படுகின்றன. உரிமை, வரம்பு, கடமை ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் எழுதிய மொன்டானாவும் ஸ்காட்லாந்தும் வழக்குகளை முற்றிலும் ஒழிக்கவில்லையாயினும், மக்கள் எதை நம்பி ஆற்றுக்குச் செல்லலாம் என்பதைத் தெளிவாக்கின. எழுதாமல் விட்ட கொலராடோவும் இங்கிலாந்தும் அந்தத் தெளிவை இன்னும் எட்டவில்லை. பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் தருபவை இரண்டு: ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு பொதுப் பாலத்திலும் நீரை அடையும் வழியைக் கட்டுமான விதியாக்குதல், ஒவ்வோர் அணையின் உரிமமும் இயக்க விதியும் புதுப்பிக்கப்படும்போது நீர்திறப்பு நாட்களையும் படகைச் சுமக்கும் பாதையையும் நிபந்தனையாக்குதல். இவற்றுக்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. இருக்கும் துறைகள் தம் கடமையில் ஆற்றையும் ஒரு பொதுவெளியாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மக்கள் கண்ணில் படாத ஆறு கேட்பாரற்று அழிகிறது. மக்கள் துடுப்பிடும் ஆற்றில் கழிவு கலந்தால் மறுநாளே குரல் எழுகிறது. ஆற்றைக் காக்க விரும்பும் அரசு எதுவாயினும், முதலில் அதன் கரையை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும்.